பச்சையை அழுத்திய விரல்

லிண்டால்
15 மார்ச் 1923

தம்பி சீவர்ட்டுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. மத்தியான ரயிலில் செய்தித்தாள் வந்தது. தபால் நிலையக்காரர் அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து வெளிச்சுவரில் ஒட்டிவிட்டார். ஊரே நின்று படித்தது. நானும் கூட்டத்துக்குள் புகுந்து படித்தேன்.

ஆலைக் கதவு மசோதா தோற்றுவிட்டது. ஆம் என்று நாற்பத்தெட்டு பேர், இல்லை என்று நாற்பத்தொன்பது பேர். இல்லை என்றவர்களின் பட்டியலில் கடைசிக்கு நாலு பெயர் முன்னால் 'எஸ். உல்வெஸ்டாட், லிண்டால்' என்று அச்சாகியிருக்கிறது.

எங்கள் ஆலை ஹுல்டா என் தோளுக்குப் பின்னால் நின்று, "தோரா, இது உன் தம்பி பேருதானே? இல்ல, இந்த ஊர்ல வேற உல்வெஸ்டாட் யாராச்சும் நமக்குத் தெரியாம சட்டமன்றத்துக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதிக் காட்ட எனக்கு வராது.

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு ஆறவில்லை. போன ஜூலையில், பட்டாணியை வேகவைத்து டப்பாவில் அடைக்கும் நம் ஊர் ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தபோது உள்ளே முப்பத்தொரு பெண்கள் இருந்தோம். வேலை நேரத்தில் காற்று வாங்க வெளியே போய்விடுவோம் என்று மேஸ்திரி கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தான். அவன் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் சிக்னேவும் பாக்கே வீட்டு மருமகளும் வெந்து போனார்கள். என் இடது கை இன்னும் முழுசாக நீளவில்லை. சிக்னேவைப் புதைத்த அன்று நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அம்மாவிடம் என்ன சொன்னாய்? "கதவைப் பூட்டக் கூடாதுன்னு ஒரு சட்டம் வாங்காம நான் ஊருக்குத் திரும்ப மாட்டேம்மா" என்று சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன்.

பத்திரிகைக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று உடனே எழுது. அதை நான் அந்தச் சுவரிலேயே ஒட்டுகிறேன்.

தோரா


தலைநகர்
17 மார்ச் 1923

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. பத்திரிகைக்காரன் தப்புச் செய்யவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்திருக்கிறது.

போன கூட்டத்தொடர் வரைக்கும் வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும், ஒரு தடவை மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். எழுத்தர் நூறு பேர் பெயரையும் அகரவரிசையில் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் வாய் திறந்து ஆம், இல்லை என்பார்கள். என் பெயர் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இந்த வருஷம் மின்சார இயந்திரம் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். சபாநாயகருக்குப் பின்னால் சுவரில் எல்லார் பெயரும் எழுதிய பெரிய பலகை. பச்சையை அழுத்தினால் நம் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரியும். பிறகு சபாநாயகர் ஒரு சாவியைத் திருப்பிப் பூட்டுவார். இயந்திரம் தானே எண்ணி, காகிதத்தில் அச்சடித்துத் தந்துவிடும். எல்லாம் ஒரு நிமிஷம்.

அக்கா, நான் பச்சையை அழுத்தினேன். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன். என் பெயருக்கு நேரே பச்சை எரிந்ததை அடுத்த மேசை ராத்கே தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அச்சாகி வந்த காகிதத்தில் நான் சிவப்பு. சபையிலேயே எழுந்து இதைச் சொன்னேன். ராத்கேயும் எழுந்து, "ஆமா, நானும் பச்சையைத்தான் பார்த்தேன்" என்றார். சபாநாயகர் விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பவெல்கா என்ற மின்பணியாளரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஊரில் கேட்பவர்களிடம் இதைச் சொல்.

உன் தம்பி
சீவர்ட்


லிண்டால்
21 மார்ச் 1923

என் கண்ணே சீவர்ட்,

முதலில் என்னை மன்னித்துவிடு. கூடப் பிறந்தவனைச் சந்தேகப்பட்டேனே, என் புத்தியை எதால் அடிப்பது! உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு மாதா கோயிலுக்கு ஓடினேன். கீழறையில் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசை மேல் ஏறாத குறையாக நின்று முழுசாகப் படித்துக் காட்டினேன். 'ஆண்டவன் சாட்சியாக' என்ற இடத்தில் சிக்னேவின் அம்மா அழுதுவிட்டாள்.

ஹுல்டா வாயடைத்துப் போனாள். அவள் வாயடைப்பது பனிக்காலத்தில் இடி இடிப்பது மாதிரி. பிறகு சமாளித்துக்கொண்டு, "அப்ப அந்த மிஷின்காரனை ஆலைக்காரங்க நல்லா கவனிச்சிருக்காங்க. ஒரு கம்பியை இப்படி முறுக்கி அப்படிச் சொருகினா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான்.

சும்மா இருக்கவில்லை. பனிச் சேற்றில் ஒன்பது நாள் நடக்க வேண்டியதை மூன்று நாளில் நடந்து, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! ஆலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மேல்தெருக்காரர்கள்கூடப் போட்டிருக்கிறார்கள். மறுபடி வாக்கெடுக்க வேண்டும், பவெல்காவைச் சிறையில் போட வேண்டும், இதுதான் மனு. இத்துடன் வைத்திருக்கிறேன். சபாநாயகர் கையில் நீயே கொடு.

அந்த ஆளுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு பெண்கள் வெந்து செத்த கதையை எழுதி, உனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறேன். வேறு சிலதும் எழுதினேன். பாதிரியார் பார்க்காமல் இருந்தால் சரி.

உன் அக்கா
தோரா


தலைநகர்
25 மார்ச் 1923

அன்புள்ள அக்காவுக்கு,

மனு கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். உடனே கொடுக்கவில்லை. எதற்கும் ஒரு நேரம் பார்க்க வேண்டும்.

நீ இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். விசாரணை என்று ஒன்று நடக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். இயந்திரம் என்றால் இயந்திரம்தான், இதில் ஒரு மனிதனைப் பழிசொல்லி என்ன ஆகப்போகிறது? பவெல்காவுக்கு இனிமேல் எதுவும் எழுதாதே. சிறை கிறை என்று பேச வேண்டாம் என்று ஹுல்டாவிடமும் சொல்.

இங்கே மூன்று நாளாக மழை. உன் கைக்கு அந்த எண்ணெய் தேய்க்கிறாயா? நம் வெண்ணெய் ஆலையில் புதுப் பையன் கணக்காகக் கடைகிறானா என்று பார்த்துக்கொள்.

சீவர்ட்


லிண்டால்
2 ஏப்ரல் 1923

சீவர்ட்,

சனிக்கிழமை பவெல்கா நம் வீட்டுக்கு வந்தான்.

நூற்றுப்பத்து மைல் ரயிலில் வந்திருக்கிறான். முதலில் ஏதோ சாமான் விற்க வந்தவன் என்று நினைத்தேன். என் கடிதத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, "இதை எழுதினது நீங்கதானேம்மா?" என்று கேட்டான். உட்காரச் சொன்னேன், ஆனால் காப்பி வைக்கவில்லை. ஊசி மணி விற்க வருபவனுக்கே காப்பி கொடுத்து அனுப்பும் வீடு இது. அவன் காலி மேசைக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

சண்டைக்கு வந்திருப்பான் என்று பார்த்தால் குரலே உயரவில்லை. குளிர்ந்த கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, சபாநாயகர் பூட்டுற வரைக்கும் பொத்தானை எத்தனை தடவை வேணா மாத்தி அழுத்தலாம். கடைசியா எதை அழுத்தினாங்களோ அதுதான் நிக்கும். பூட்டினதுக்கப்புறம் நானே நினைச்சாலும் ஒரு விளக்கைக்கூட மாத்த முடியாது. நான் உக்கார்ற அறைல மிஷின் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. ரெண்டு எழுத்தர் எப்பவும் என் பக்கத்துலயே நிப்பாங்க."

"அப்ப என் தம்பி பொய் சொல்றானா?"

"அவர் பச்சையை அழுத்தினேன்னு சொல்றாரு. நான் நம்புறேன். ராத்கே சார் பச்சையைப் பார்த்தேன்னு சொல்றாரு. அதையும் நம்புறேன். அதுக்கப்புறம் எதையாச்சும் அழுத்தினீங்களான்னுதான் உங்க தம்பியை யாருமே கேக்கலை. உறுப்பினரை அப்படிக் கேக்கறது மரியாதை இல்லையாம்."

நான் அவனைப் பொய்யன் என்றேன். வெளியே போ என்றேன். அவன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எனக்கு இந்த வேலை போனா வேற எங்கயும் விளக்கு மாட்டக்கூடக் கூப்பிட மாட்டாங்கம்மா. வாக்கைத் திருடினவன்னு பேராயிடுச்சு. பன்னெண்டாம் தேதி வியாழக்கிழமை விசாரணை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேற்று ஈஸ்டர். கோயிலில் ஒரு பாட்டுக்கூட வாயில் வரவில்லை. உன் முந்தின கடிதத்தை எடுத்து மூன்று தடவை படித்தேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி. பச்சையை அழுத்திய பிறகு உன் விரல் சிவப்புக்குப் போனதா? ஆம் அல்லது இல்லை. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தோரா


தலைநகர்
5 ஏப்ரல் 1923

அக்கா,

ஆம்.

வேறு வார்த்தை வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

முதல் நாள் கட்சிக் கொறடா ஹாலவே என்னை நடைபாதையில் நிறுத்தினார். தோளில் கைபோட்டு, "சீவர்ட், உங்க ஊர் ஆத்துப் பாலம் இந்த வருஷம் கண்டிப்பா வந்துரும். நாளைக்கு அந்தக் கதவு மசோதாவுல மட்டும் நம்ம ஆளா இரு" என்றார். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்குப் பாலமும் வேண்டும், மசோதாவும் வேண்டும்.

வாக்கெடுப்பு தொடங்கியதும் பச்சையைத்தான் அழுத்தினேன். அதில் பொய் இல்லை. அப்புறம் பலகையைப் பார்த்தேன். அக்கா, அந்தப் பலகையை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருந்தால்! யார் யார் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிகிறமாதிரி எரிகிறது. எண்ணினேன். பச்சை ஐம்பத்தொன்று, சிவப்பு நாற்பத்தாறு. மசோதா தேறிவிட்டது என்று தெரிந்துவிட்டது. நான் ஒருவன் மாறினாலும் ஐம்பதுக்கு நாற்பத்தேழு, தாராளமாகத் தேறும். அந்த நேரம் பார்த்து முன்வரிசையிலிருந்து ஹாலவே திரும்பிப் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிவப்பை அழுத்திவிட்டேன். மசோதாவுக்கும் கெடுதல் இல்லை, பாலமும் வந்துவிடும் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என்னைப் போலவே இன்னும் இரண்டு பேர் அதே பலகையைப் பார்த்து அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். மூன்று பச்சை அணைந்து மூன்று சிவப்பு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்ததும் கை பச்சைக்கு ஓடியது. அதற்குள் சாவி திரும்பிவிட்டது. பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினேன், செத்த மீனைத் தட்டி எழுப்புவது மாதிரி.

முன்பு மாதிரி எழுத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், சிக்னேவின் அம்மா முகத்தை நினைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. விரலுக்கு என்ன, அதற்கு வெட்கம் தெரியாது. இப்படிச் சொல்வதும் தப்பித்துக்கொள்ளும் பேச்சுதான். விரல் என்னுடையது.

பிறகு சபையில் எழுந்து 'நான் பச்சையை அழுத்தினேன்' என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பவெல்காவை நிறுத்திவைப்பார்கள் என்று நினைக்கவில்லை. நிறுத்திவைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் தினமும் காலையில் சட்டமன்றக் கட்டடப் படியில் வந்து நிற்கிறான், யாராவது கூப்பிடுவார்களா என்று. நான் பின்வாசல் வழியாகப் போகிறேன். கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளக் கூசுகிறது.

உன் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் என் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. என்ன செய்யட்டும், சொல்.

சீவர்ட்


லிண்டால்
7 ஏப்ரல் 1923

சீவர்ட்,

என்ன செய்யட்டும் என்று என்னையே கேட்கிறாய். சின்ன வயசில் பால் கொட்டியபோதும் என்னைத்தான் கேட்டாய், நான் கொட்டியதாகச் சொல்லி உன்னைத் தப்பவைத்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லையா உனக்கு?

இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துக்காகப் படி ஏறினேனே! உன் பொய்யை நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சிக்னேவின் அம்மாவை அழவைத்தேன். தன் பிழைப்புக்காக நூற்றுப்பத்து மைல் வந்தவனை ஒரு வாய் காப்பி கொடுக்காமல் விரட்டினேன். எனக்கு இப்போது கடைக்குப் போகவே உடம்பு கூனிக் குறுகுகிறது. நீ செய்தது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் இங்கே யாரிடமும் இதைச் சொல்லப் போவதில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. இது நீ சொல்ல வேண்டியது. வியாழக்கிழமை விசாரணையில் எழுந்து நின்று சொல். பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்வார்களே, அந்தமாதிரி வாயைத் திறந்து சொல். நீ சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் ரயிலேறி வந்து சொல்வேன். பயணச்சீட்டு வாங்கிவிட்டேன்.

தோரா


தலைநகர்
13 ஏப்ரல் 1923

அக்கா,

உன் பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. சொல்லிவிட்டேன்.

விசாரணை அறையில் எல்லாரும் இருந்தார்கள். ராத்கே, ஹாலவே, மாற்றி அழுத்திய மற்ற இரண்டு பேரும். நான் எழுந்ததும் சபாநாயகர், "உறுப்பினர் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியதில்லை" என்றார். "அதுக்கு அடுத்ததைச் சொல்லணும் ஐயா" என்றேன். சொன்னேன். பச்சை, பலகை, எண்ணியது, சிவப்பு, எல்லாம். பாலத்தையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். ராத்கே என் பக்கத்திலிருந்து நாற்காலியை மெதுவாக நகர்த்திக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் தங்கள் கை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரை நான் சொல்லவில்லை. அது அவர்கள் வாயிலிருந்து வர வேண்டியது.

ஹாலவே வெளியே வரும்போது, "ஒரு பாலத்தை ஆத்துல விட்டுட்டியேப்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நம் ஊர்ப் பாலம் இந்த வருஷம் கட்டும் பாலங்களின் பட்டியலிலிருந்து போய்விட்டது.

என் வாக்கை மாற்றிப் பதிய முடியுமா என்று கேட்டேன். "பூட்டினது பூட்டினதுதான். விதி அப்படி" என்றார் சபாநாயகர். பதிவேட்டில் நான் எப்போதும் சிவப்பாகத்தான் இருப்பேன். மசோதாவும் இனி அடுத்த கூட்டத்தொடரில்தான், இரண்டு வருஷம் கழித்து.

பவெல்காவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நேற்று சாயங்காலமே இயந்திர அறையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க சார், கையெல்லாம் எண்ணெய்" என்றார். அவர் கையில் எண்ணெயே இல்லை, அக்கா. சுத்தமாக இருந்தது.

கூட்டத்தொடர் இருபதாம் தேதி முடிகிறது. செய்தித்தாளில் எல்லாம் வந்துவிடும், ஊருக்கு எந்த முகத்தோடு வருவது? அதனால் லிண்டாலில் இறங்கப்போவதில்லை. முந்தின நிறுத்தத்தில் இறங்கி வயல் வழியாக நடந்து வந்துவிடுகிறேன். பின்கதவைத் திறந்து வை.

சீவர்ட்


லிண்டால்
16 ஏப்ரல் 1923

தம்பி சீவர்ட்டுக்கு,

செய்தித்தாள் சனிக்கிழமையே வந்துவிட்டது. இந்தத் தடவை நானே வாங்கி நானே சுவரில் ஒட்டினேன்.

எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று கேட்பாய். உன் தலையைத் தடவிக்கொடுக்கிறமாதிரி யாரும் எதுவும் சொல்லவில்லை. மேல்தெருக்காரர்கள் தங்கள் கையெழுத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். நம் வெண்ணெய் ஆலைக்குப் பால் ஊற்றுபவர்களில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். பவெல்காவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

பின்கதவைத் திறந்து வைக்க மாட்டேன். நம் ஊர் நிலையத்தில் மத்தியான ரயிலில் இறங்கு. நான் அங்கே நிற்பேன். நேரே சிக்னேவின் அம்மா வீட்டுக்குப் போகிறோம்.

நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன். கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "வரட்டும். என்கிட்டயும் அவன் வாயால சொல்லட்டும்" என்றாள். மன்னிப்பாயா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அதை அவனும் கேக்க வேணாம், நீயும் கேக்காத" என்றாள். அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். அதை நான் ஆலைப் பெண்கள் எல்லாரிடமும் சொன்னேன். ஹுல்டா முதலில் சிரித்தாள், பிறகு அவளே, "ஆமா, அதுதான் சரி" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். ஜூன் கடைசியில் பட்டாணி வந்துவிடும். ஆறு வாரம் ஆலை ஓடும். சட்டம் இல்லை, அதனால் மேஸ்திரி வழக்கம்போல வெளியிலிருந்து பூட்டுவான். சாவியை உன்னிடம் தர மாட்டான், கேட்காதே. தெரு யாருக்கும் சொந்தமில்லை, அங்கே நிற்பதை யாரும் தடுக்க முடியாது. காலையில் நாங்கள் உள்ளே போவதிலிருந்து வெளியே வருகிறவரைக்கும், ஆறு வாரமும், நீ அந்தக் கதவுக்கு முன்னால் கோடாரியோடு நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தால் யாரையும் கேட்காமல் கதவை வெட்டு.

நம் கொட்டகையிலிருந்த கோடாரியைத் தீட்டி வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ வெளியே நில். உள்ளே நான் இருப்பேன்.

தோரா